எங்கள் காடு வயலான கதை

என் அப்பாரு தன் வாழ்நாளில் ஒரு பிடி நெல் விதைத்ததில்லை. அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், அவருக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி இருந்தது. நிலக்கடலை, சோளம், கொள்ளு, வரப்போரம் ஆமணக்கு. அந்த மண் கொடுத்தது அவ்வளவுதான். அரசாங்கக் கோப்பில் அந்த ஐந்து ஏக்கரும் நெல்வயல். அந்த வயலைக் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்தவர் என் அப்பாரு என்றும் அதே கோப்பில் இருக்கிறது. இரண்டும் பொய். இரண்டாவது பொய்யின் கீழே என் அத்தையின் கையெழுத்து இருக்கிறது. அவர் அதைப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

பாலக்காடு என்றதும் வெளியூர்க்காரர்கள் பச்சை வயலை நினைத்துக்கொள்கிறார்கள். கொல்லங்கோட்டுப் பக்கம் போனால் அது உண்மை. மலையின் காலடி வரை நெல். எங்கள் பக்கம் வேறு. மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை எங்களிடம் வந்து சேரும்போது தூறலாகிவிடும். மேல்மண் முழங்கை ஆழம்கூட இல்லை. அதற்குக் கீழே சுக்கான்கல், அதற்கும் கீழே பாறை. கிணறு ஒன்று உண்டு. சித்திரையில் அதன் அடியில் இறங்கி உட்கார்ந்து வெற்றிலை போடலாம், கால் நனையாது.

அந்தக் காட்டில் அப்பாரு செய்த வேலைகளில் பெரிய வேலை கல் பொறுக்கியது. காடு என்று எழுதுவதை விளக்க வேண்டும். எங்கள் பேச்சில் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். "காட்டுக்குப் போறேன்" என்றால் வெள்ளாமை பார்க்கப் போகிறேன் என்று பொருள். உழுதால் அங்கே கல் மேலே வரும். பொறுக்கி எடுத்தால், அடுத்த உழவில் வேறு கல் மேலே வரும். அறுவடை முடிந்த பிறகு முதல் மழை விழும் வரை ஒவ்வொரு கோடையும் அவர் கூடையோடு குனிந்தபடி காட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். பொறுக்கியதையெல்லாம் வடக்கு எல்லையில் வரிசையாகப் போட்டார். பெரியது வெளிப்பக்கம், சிறியது உள்ளே. எனக்கு விவரம் தெரிந்தபோது அந்தக் கல்வரிசை என் இடுப்புக்கு இருந்தது. நான் கல்லூரிக்குப் போனபோது அது அப்பாருவின் நெஞ்சுக்கு வந்துவிட்டது. அப்பாவும் அத்தையும் பொறுக்கியிருக்கிறார்கள். அத்தையின் இடது கட்டைவிரல் நகம் இன்றும் நடுவில் பிளந்துதான் வளர்கிறது. கல் விழுந்து நசுங்கிய நகம்.

வழியில் போகிற பக்கத்துக் காட்டுக்காரர் கேலி பேசுவார்.

"ஏனுங்க, இந்த வருசமும் கல்லு வெள்ளாமைதானுங்களா?"

"ஆமாங்க. இதுக்கு மட்டுந்தான் மழை வேண்டீதில்ல" என்பார் அப்பாரு, நிமிராமலே.

வீட்டில் நெல்லுச்சோறு விருந்தாளி வந்தால்தான். அதற்கு அரிசி கடையிலிருந்து வரும். மற்ற நாளெல்லாம் சோளச்சோறும் களியும். அப்பாரு அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்குக் குறை ஒன்று இருந்தது என்றால் அது சர்க்கார் ஆட்களோடு பேசுவது. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். மலையாளம் கேட்டால் புரியும், வாசிக்கத் தெரியாது. மாநிலம் பிரித்தபோது எல்லைக்கோடு எங்களுக்குக் கிழக்கே விழுந்தது. அதனால் வந்த வினை. வில்லேஜ் ஆபீசுக்குக் கரம், அதாவது வரி, கட்டப் போகும் நாளுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கும். மற்ற நாட்களில் அவர் உடம்பில் சட்டை கிடையாது. கரம் கட்டிய ரசீதை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுவார். அந்த நாள் ரசீதில் பரப்பு இருக்கும், மண்ணின் தரம் இருக்காது. பரப்பு சரியாக இருந்தால் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார்.

இனி காடு என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

மலையடிவாரத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அப்பாருவுக்கு மச்சான் முறை. அளக்க வந்த அதிகாரியிடம் அவர் கையை நீட்டி, "அந்தப் பனை வரைக்கும் எங்க காடுதானுங்க" என்று சொல்லியிருக்கிறார். மேற்கேயிருந்து வந்த அதிகாரிக்குக் காடு என்றால் வனம். வனத்தை ஒருவர் தன்னுடையது என்கிறார் என்று எழுதிவிட்டார். அந்த மச்சான் தன் சொந்தக் காட்டில் ஆக்கிரமிப்புக்காரர் ஆனார். அதைத் தீர்த்துக்கொள்ள அவர் எத்தனை தடவை பஸ் ஏறி இறங்கினார் என்பது எங்கள் வீட்டில் வெகுநாள் பேச்சாக இருந்தது. சிரித்துக்கொண்டே பேசுவார்கள். அப்பாரு மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் எல்லாரையும் வைத்துச் சொன்னார்:

"சர்க்காரு ஆளு வந்தா ஒருத்தரும் காடுன்னு வாயத் தொறக்கப்படாது. நிலம்னு சொல்லோணும். பொஸ்தகத்துல இருக்கறாட்ட, நிலம். வெளங்குச்சா?"

எங்கள் ஊரில் பேச்சில் நிலம் என்று யாரும் சொல்வதில்லை. அது பள்ளிக்கூடச் சொல். அப்பாரு அதைச் சொல்லிப் பழகினார். வாயில் காடு வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு, "நிலம், நிலம்" என்று திருத்திக்கொள்வார். அத்தை அதைக் கண்டு, "நிலத்துக்குப் போயி நிலச்சோளம் பறிச்சுட்டு வரட்டுங்களா?" என்று வம்பு பண்ணுவார்.

பிறகு மறு அளவை வந்தது. மாசி மாதம். நான் கோயமுத்தூர்க் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். இரண்டு பேர் சங்கிலியோடு வந்தார்கள். ஒருவர் அளந்தார், ஒருவர் எழுதினார். அப்பாரு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தார். சோளத்தட்டு அறுத்த காடு, மொட்டையாகக் கிடந்தது. அளந்து முடித்துத் திரும்பி வந்து, நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே எழுதுபவர் கேட்டார்:

"இது புரயிடமோ, நிலமோ?"

அப்பாரு ஒரு நொடியும் யோசிக்கவில்லை. இத்தனை நாள் பழகியது அந்தக் கேள்விக்காகத்தானே.

"நிலந்தானுங்க" என்றார். போதாதென்று இன்னொரு தடவை, "அஞ்சு ஏக்கராவும் நிலந்தானுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

எழுதுபவர் எழுதிக்கொண்டார். கேரளத்து வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல் விளைகிற நன்செய். மேட்டுப் பூமி, தோட்டம், வீட்டுமனை எல்லாம் புரயிடம். அந்த ஆள் கேட்டது, இது மேடா வயலா என்று. அப்பாரு காதில் விழுந்தது, இது வீடு இருக்கிற இடமா பூமியா என்று. நான் மூன்றடி தூரத்தில் டம்ளரோடு நின்றேன். எனக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியும். பதிவேட்டு மலையாளம் எனக்கும் தெரியாது.

ஆனால் எழுதியவருக்குத் தெரியும். அவருக்குக் கண்ணும் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் சோளத்தட்டின் அடிக்கட்டையும் நெஞ்சளவு கல்வரிசையும் தெரியும். வாய்க்கால் இல்லை, மடை இல்லை, தண்ணீர் தேங்க வரப்பு இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்து, "வெள்ளமில்லல்லோ" என்று அவரே சொன்னார். தண்ணீர் இல்லையே என்றார். சொல்லிவிட்டு வயல் என்று எழுதினார். இதை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கவனக்குறைவு என்று விட்டுவிட முடியவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒத்துப் பார்ப்பது அவருடைய வேலை. அதற்குத்தான் அவரை அவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார்கள்.

அப்பாரு அதற்குப் பிறகு மூன்று கோடை கல் பொறுக்கினார். நான்காவது கோடைக்கு முன் இறந்துபோனார். பதிவேட்டில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அது ஒன்றுதான் நல்லது.

பின்னால் நெல்வயலைக் காக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. வயலைத் தூர்த்து மனை போட்டு விற்பவர்களைத் தடுக்க வந்தது, தடுக்கத்தான் வேண்டும். என் புகார் வேறு. உண்மையான வயலைத் தூர்த்தவர்கள் பலர் தங்கள் கோப்பை ஒழுங்காக வைத்திருந்தார்கள். சட்டம் வந்து பிடித்தது, நெல்லையே காணாத எங்கள் மேட்டுக்காட்டை. பதிவேட்டில் நிலம் என்றிருந்ததால் வயல்களின் பட்டியலில் அது ஏறியது. பட்டியலில் ஏறிய மண்ணில் வீடு கட்ட முடியாது.

வீடு வேண்டியிருந்தது அத்தைக்கு. அப்பாவின் தங்கை. கணவர் இறந்த பிறகு திரும்பி வந்து, அப்பாருவுக்குப் பின் அந்தக் காட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். காட்டுக்குள் இருந்த பழைய ஓட்டுச்சாளையில் ஆடுகளோடு இருந்தார். ஒரு மழையில் பின்சுவர் விழுந்தது. தார்ப்பாய் கட்டிக்கொண்டு இரண்டு மழைக்காலம் ஓட்டினார். வீடு கட்டப் பஞ்சாயத்து பணம் தரும் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் கட்ட அனுமதி வாங்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். அனுமதி கேட்டு மனு கொடுத்தார். 'நிலம்' என்று எழுதி மனு திரும்பி வந்தது. அத்தை எனக்குப் போன் செய்தார்.

"அம்முணி, நிலம்னு எழுதி ஊடு கட்டப்படாதுங்கறாங்க. நிலத்துல கட்டாம ஊட்ட எங்கடி கட்டறது, கெணத்துக்குள்ளயா?"

நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.

இடத்தைப் பார்க்க விவசாய அதிகாரி வந்தார். மேற்கே வயல் நாட்டிலிருந்து வந்த இளைஞர், மரியாதையானவர். பைக்கை ஆமணக்கு நிழலில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாளைக்குள் வந்தார். அத்தை மோர் கொடுத்தார்.

"சேச்சி, இவிடெ எப்ப வரைக்கும் நெல்கிருஷி உண்டாயிருந்நு?"

"நெல்லுங்களா? நெல்ல நான் அரிசியாத்தானுங்க பாத்திருக்கறேன்."

அவர் சிரித்தார். கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, "ரெக்கார்டில் நிலம்னு ஆணல்லோ" என்றார்.

"நிலந்தானுங்க சார். பின்ன என்ன, ஆகாசமுங்களா?" என்றார் அத்தை.

அப்பாரு விழுந்த அதே குழியில், அதே சொல்லோடு. நான் குறுக்கே புகுந்தேன். எங்கள் பேச்சில் காடு என்றால் என்ன, அப்பாரு ஏன் நிலம் என்று சொன்னார் என்று ஒன்று விடாமல் மலையாளத்தில் சொன்னேன். அந்த இளைஞருக்குப் புரிந்தது. "அதாணோ காரியம்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். வீட்டில் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு நல்ல கதை கிடைத்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அறிக்கையில் எழுதுவதற்கு அதற்கு இடமில்லை. வாய்ப்பேச்சு போதாது, காகிதம் வேண்டும் என்றார்.

கிளம்பும்போது வடக்கு எல்லைக் கல்வரிசையைப் பார்த்து நின்றார். போனில் படம் எடுத்தார்.

"இத்தர கல்லு எவிடுந்து கொண்டு வந்நு?"

"கொண்டு வல்லீங்க சார். இங்கிருந்து எடுத்துப் போட்டது. எங்கப்பன் பொறுக்குனது" என்றார் அத்தை.

இளைஞர் தலையாட்டினார். பத்து நாள் கழித்து அறிக்கையின் நகல் கிடைத்தது. இப்போது அங்கே நெல் விவசாயம் இல்லை என்று எழுதியிருந்தார், அது சரி. அடுத்த வரி: பல வருடங்களுக்கு முன்பே கல்லும் மண்ணும் இட்டு நிலம் நிகத்தப்பட்டதற்கான அடையாளங்கள் காணப்படுகின்றன. நிகத்துவது என்றால் தூர்ப்பது. அடையாளமாக இணைத்திருந்த படம், அப்பாருவின் கல்வரிசை.

வாழ்நாள் முழுக்க ஒரு மனிதர் மண்ணிலிருந்து கல்லை வெளியே எடுத்திருக்கிறார். அந்தக் கல்லையே படம் பிடித்து, அவர் கல்லை உள்ளே கொட்டினார் என்று எழுதியிருக்கிறார்கள். நான் அந்த இளைஞருக்குப் போன் செய்து கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. உங்களுக்கு உதவத்தான் அப்படி எழுதினேன் என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அதுதான் இன்னும் ஆத்திரம் தருகிறது.

வருவாய் அலுவலகத்தில் எங்கள் முன் இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, முதலில் எழுதியதே தவறு என்று நிரூபிப்பது. அதற்கு மறு அளவைக்கு முந்திய பதிவேடு வேண்டும். அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதில் 'புஞ்சைக் காடு' என்றே இருக்கிறது. காட்டினேன். தமிழ் வாசிக்க அங்கே ஆள் இல்லை. மொழிபெயர்த்து, சான்றொப்பம் வாங்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனேன். மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா அதைத் திருப்பிக் கொடுத்தார். பத்திரத்தில் இருப்பது சொந்தக்காரர் சொன்னது, ரெஜிஸ்டரில் இருப்பதுதான் சர்க்கார் சொன்னது என்றார். ரெஜிஸ்டரில் இருப்பதும் சொந்தக்காரர் சொன்னதுதான் என்றேன். அப்படியானால் அவர் சொன்னது சரிதானே என்றார்.

இரண்டாவது வழி சுலபமானது. சட்டம் வருவதற்கு முன்பே தூர்த்த வயல் என்றால் தரத்தை மாற்றித் தரலாம். அறிக்கை ஏற்கனவே அப்படித்தான் இருக்கிறது. இந்த வயலைத் தன் தந்தை சட்டத்துக்கு முன்பே நிகத்திவிட்டார் என்று வாரிசு எழுதிக் கொடுத்தால் போதும். எல்லாரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள் என்று அச்சிட்ட படிவத்தை நீட்டினார் குமாஸ்தா. தந்தை பெயருக்கு அதில் கோடு போட்டு இடம் விட்டிருந்தது.

நான் அத்தையை வெளியே அழைத்து வந்தேன். ஜெராக்ஸ் கடை ஓரத்தில் நின்று பேசினோம்.

"போட வேண்டாம் அத்தை. மேல எழுதிப் பாக்கலாம். கலெக்டருக்கு எழுதறேன், பேப்பர்ல எழுதறேன். அப்பாரு வயலத் தூத்தாருன்னு நம்ம கையாலயே எழுதிக் குடுக்கறதா?"

"எழுதி, எப்ப முடியும்?"

"ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆகட்டும்."

"ரெண்டு வருசம் நீ வந்து அந்தத் தார்ப்பாய்க்குள்ள படு. உனக்குக் கோயமுத்தூர்ல ஊடு இருக்குது அம்முணி, ரோசப்படறதுக்கு."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எங்கப்பன் பேரு கெட்டுப்போகும்னு நீ துடிக்கற. அந்தக் கட்டடத்துக்குள்ள எங்கப்பன் பேரு யாருக்குடி தெரியும்? வா."

உள்ளே போனோம். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டைக் குமாஸ்தா காட்டினார். அத்தை ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேனாவை வாங்கி மேசையில் குனிந்து தன் பெயரை எழுதினார். எழுதி முடித்தும் நிமிரவில்லை. கையெழுத்துக்குக் கீழே எழுதிக்கொண்டே போனார். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி.

"ஒப்பு மதி சேச்சி" என்றார் குமாஸ்தா. கையெழுத்து போதும் என்றார். அத்தை நிறுத்தவில்லை. குமாஸ்தா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இதென்தா எழுதுந்நது?"

"அப்பன் பேருங்க சார்" என்றார் அத்தை, தலையைத் தூக்காமலே.

குமாஸ்தா தலையாட்டிவிட்டு முத்திரையை எடுத்தார்.

உத்தரவு வந்தது. வீடும் எழும்பிவிட்டது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, நான்கு பக்கமும் சுவர். கடைக்கால் தோண்டியவர்கள் முழங்கால் ஆழத்தில் பாறையில் முட்டி நின்றார்கள் என்பதை ஒரு செய்தியாக மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதைப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை. தூர்த்த வயல் என்ற பதிவு அப்படியே நிற்கிறது. இனி அதை யாரும் மாற்றப்போவதில்லை. அந்த மண்ணைப் பற்றி நாளைக்கு ஆராய்ச்சி செய்கிறவர் அங்கே ஒரு காலத்தில் நெல் விளைந்தது என்றும், ஒரு விவசாயி அதை அழித்தார் என்றும் எழுதுவார். ஆதாரம் காட்டியே எழுதுவார்.

தகவல் கேட்டு விண்ணப்பித்து அந்தப் படிவத்தின் நகலை வாங்கினேன். மலையாளத்தில் அச்சிட்ட பொய்க்குக் கீழே அத்தையின் கையெழுத்து. அதற்கும் கீழே தமிழில் ஒரு வரி:

'எங்கப்பன் கல்லைத்தான் பொறுக்கினாரு மண்ணைக் கொட்டலை'

அலுவலக முத்திரை அதன் முதல் பாதியின் மேல் விழுந்திருக்கிறது. வாசிக்க முடிகிறது.